கொசு கடிக்காத குல்ஸியா

இடது கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்க்கிறாள் குல்ஸியா. மாலை ஐந்தே முக்கால். ஆப்பிள் மரத்தடி, நல்ல நிழல், ஈர மண். கையில் ஒரு கண்ணாடிக் குழல், அதன் மறுமுனையில் ரப்பர்க் குழாய், ரப்பர்க் குழாயின் நுனி அவள் உதடுகளுக்கு நடுவே. காலில் வந்து உட்காரும் கொசுவை, அது ஊசியை இறக்கும் முன்னால், ஒரே மூச்சில் குழலுக்குள் இழுத்துவிட வேண்டும். இருபது நிமிடம் உட்கார வேண்டும் என்பது விதி. குல்ஸியா இருபத்தைந்து நிமிடம் உட்காருவாள். அந்தக் காலைத் தேடி இன்றைக்கு வந்தவை இரண்டு எறும்புகள், ஒரு வெட்டுக்கிளி, தோட்டக்காரரின் பூனை.

அல்மாட்டி நகரத்துக்கு மேலே, மலைச்சரிவில் அடுக்கடுக்காக ஏறும் தோட்டக் குடில்களில் அவளைத் தெரியாதவர்கள் கிடையாது. மாவட்டச் சுகாதார நிலையத்தின் பூச்சிப் பிரிவில் இருபத்தாறு வருட வேலை. ஐம்பத்திரண்டு வயது. ஒல்லி உடம்பு, வேகமான நடை, தோளில் ஒரு கித்தான் பை. வாசற்கதவைத் தட்டும் பழக்கம் இல்லை; உள்ளே வந்து முதலில் பீப்பாயைப் பார்ப்பாள், பிறகுதான் ஆளைப் பார்ப்பாள். மலையிலிருந்து இறங்கும் வாய்க்கால் தண்ணீர் பல் கூசும் அளவுக்குக் குளிர்ந்தது. அதை அப்படியே தக்காளிக்கு ஊற்றினால் செடி சுருண்டுவிடும். ஆகவே வாரம் ஒருமுறை முறைத்தண்ணீர் வரும்போது எல்லோரும் இரும்புப் பீப்பாய்களில் பிடித்து, வெயிலில் காயவைத்து, வெதுவெதுப்பானதும் ஊற்றுவார்கள். அந்த வெதுவெதுப்பு கொசுவுக்கும் பிடிக்கும் என்பதுதான் குல்ஸியாவின் பிழைப்பு.

"தண்ணியைத் தூங்க விடாதீங்க" என்பது அவள் எங்கு போனாலும் சொல்வது. சொல்வதோடு நிற்பதில்லை. நாய்க் கிண்ணம், பூந்தொட்டித் தட்டு, மழையில் நனைந்த குழந்தைப் பொம்மை, எதில் தண்ணீர் நின்றாலும் கவிழ்த்துவிடுவாள். போன வருடம் ஒரு கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை வந்து சேரும் முன்பே மூன்று மேசைகளின் பூச்சாடிகளைக் காலி செய்துவிட்டாள். வீட்டில் அவள் கணவர் தௌலெத், பேருந்து ஓட்டுநர், தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் செய்தி கேட்க முடியாது. "குடிச்சு முடிக்கலடி, விடு" என்று கையால் கிண்ணத்தை மூடிக்கொள்வார்.

இப்படிப்பட்டவளைக் கொசு கடிப்பதில்லை. ஊர்க்கொசுவும் கடிப்பதில்லை, வெளியூர்க் கொசுவும் கடிப்பதில்லை. வேறு யாராக இருந்தாலும் இதை வரம் என்பார்கள்.

வெளியூர்க் கொசுவை நிலையத்தில் வரிக்கால் என்று அழைக்கிறார்கள். கறுப்பு உடம்பு, கால்களில் வெள்ளை வளையங்கள். நம் மண்ணின் கொசு அல்ல. ஏதோ ஒரு பழைய டயரின் தேங்கிய நீரிலோ, பூச்செடித் தொட்டியிலோ எல்லை தாண்டி வந்து, மூன்று வருடங்களாக நகரத்தின் தாழ்வான பகுதிகளில் தென்படுகிறது. பட்டப்பகலில் கடிக்கும். வேறு நாடுகளில் காய்ச்சல் பரப்பும் சாதி. அது வேரூன்றும் முன், எந்தத் தெரு வரை வந்திருக்கிறது என்று கண்டுபிடித்துக்கொண்டே இருப்பதுதான் பூச்சிப் பிரிவின் வேலை. தோட்டக் குடில்களுக்கு அது இன்னும் ஏறவில்லை. ஏறினால் முதலில் காணப்போவது யார் என்பது, மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை, குல்ஸியாவுக்குத் தூக்கம் கெடும் கேள்வி.

காரணம் ஒரு பெட்டி. கண்ணாடி மூடி போட்ட மரப்பெட்டி, நிலையத் தலைவி மராலின் மேசைக்குப் பின்னால் இருக்கிறது. பிடிபட்ட ஒவ்வொரு வரிக்காலும் அதில் ஊசி முனையில் நிற்கும். கீழே நகத்தளவு சீட்டு: இடம், தேதி, பிடித்தவர் பெயர். அது எங்கே வளர்ந்தது என்று தெரிந்தால் அதற்கு அடியில் இரண்டாவது சீட்டு, பெரும்பாலும் தெரிவதில்லை. வருடக் கடைசியில் பெட்டி ஆராய்ச்சிக் கழகத்துக்குப் போய், அங்கே என்றைக்கும் இருக்கும். இதுவரை பதினோரு வரிக்கால்கள். ஏழின் கீழே 'ரிம்மா' என்று இருக்கிறது. மீதி நான்கும் வேறு மாவட்டத்து ஆட்கள் பிடித்தவை. குல்ஸியாவின் பெயர் ஒன்றில்கூட இல்லை. ஆனால் பதினோரு சீட்டுகளும் குல்ஸியாவின் கையெழுத்து. உருப்பெருக்கியின் கீழ் நான்கு வரியை நகத்துக்குள் அடக்க நிலையத்தில் அவள் ஒருத்தியால்தான் முடியும். ஏழு முறை அந்தப் பெயரைத் தன் கையாலேயே எழுதினாள், ஏழு முறையும் வயிறு எரிந்தது.

ரிம்மா தாத்தார் இனப் பெண். குல்ஸியாவின் வயதுதான். உணவு விடுதிகளைச் சோதிக்கும் பிரிவிலிருந்து நான்கு வருடம் முன்பு மாற்றலாகி வந்தவள். கொசுவின் ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் சொல்லிக்கொடுத்ததே குல்ஸியாதான். பருத்த, சிரித்த முகம், வெண்ணெய் போன்ற கைகள். அவள் பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும், கொசுக்கள் வரிசை கட்டி வரும். சாயங்காலம் நிலையத்துக்குத் திரும்பியதும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "பாரு குல்ஸியா, இன்னிக்குப் பதினாலு" என்பாள். மணப்பெண்ணின் நகையை மாமியார் எடைபோடுவது போலக் குல்ஸியா ஒவ்வொரு தடிப்பையும் உற்றுப் பார்ப்பாள். சில நாள் எண்ணிப் பார்த்து, பதினாலு இல்லை, பதின்மூன்றுதான், ஒன்று உஷ்ணக் கட்டி என்று தீர்ப்பு சொல்வாள்.

அவள் முயற்சி செய்யாமல் இல்லை. பூண்டை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது. வாசனைச் சோப்பைத் தொடுவதில்லை. அழுக்குக் காலுறை வாடைக்குக் கொசு வரும் என்று யாரோ சொன்னார்கள் என்று ஒரே காலுறையை நான்கு நாள் போட்டாள். தௌலெத் தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார். பீர் குடித்தவரைக் கொசு விரும்பும் என்று கேள்விப்பட்டு, வாழ்நாளில் தொடாததை மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கோப்பை குடித்தாள். அன்று தலைவலி வந்தது, கொசு வரவில்லை. ரிம்மாவுக்கு இதெல்லாம் வேடிக்கை. "என் காலை வேணும்னா கழட்டித் தரேன், எடுத்துட்டுப் போ" என்று சிரிப்பாள். குல்ஸியாவும் சிரிப்பாள். சிரித்துவிட்டு இரவெல்லாம் அந்த வாக்கியத்தை அசைபோடுவாள்.

காலை நம்பிப் பயனில்லை என்றான பிறகு அவள் பொறிகளை நம்பினாள். பொறி என்றால் பெரிய இயந்திரம் அல்ல. கறுப்பு நிறப் பிளாஸ்டிக் டப்பா, பாதி தண்ணீர், அதில் சாய்த்து நிறுத்திய ஒரு மரச்சில்லு. முட்டையிட வரும் பெண்கொசு அந்த ஈரச்சில்லில் மிளகுப்பொடி தூவினாற்போல் முட்டை இட்டுவிட்டுப் போகும். ஏழு நாளுக்கு ஒருமுறை சில்லை எடுத்து, தண்ணீரைக் காய்ந்த மண்ணில் கொட்டி, டப்பாவைத் துடைத்து, புதுத் தண்ணீர் விட வேண்டும். ஒவ்வொரு பொறிக்கும் ஓர் எண், நிலையத்துச் சுவர் வரைபடத்தில் ஒரு புள்ளி. புதிதாக வருபவர்களுக்குக் குல்ஸியா சொல்லும் முதல் பாடம் இதுதான்: "ஏழு நாள் தாண்டிடுச்சுன்னா அது பொறி இல்ல, பிரசவ ஆஸ்பத்திரி."

தோட்டங்களில் மேல்வரிசை அவளுக்கு, ஓடைக்குக் கீழே உள்ள கீழ்வரிசை ரிம்மாவுக்கு என்று மரால் பிரித்துக் கொடுத்திருந்தாள். வரிக்கால் கீழிருந்துதான் ஏறும் என்பது கொசுவைப் பற்றி நாலெழுத்து படித்த எவருக்கும் தெரியும். அதாவது பந்தயம் தொடங்கும் முன்பே ரிம்மா முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். இது பொறுக்காமல், ஜூலை முதல் வெள்ளிக்கிழமை, கித்தான் பையில் எண் எழுதாத ஒரு டப்பாவை வைத்துக்கொண்டு குல்ஸியா ஓடையைத் தாண்டினாள். கென்ரிக் என்ற கிழவரின் தோட்டத்துப் பின்வேலியை ஒட்டி, ராஸ்பெரிப் புதருக்குள், யார் கண்ணுக்கும் படாத நிழலில் அதைப் பதுக்கி வைத்துவிட்டு வந்தாள். வரைபடத்தில் புள்ளி வைக்கவில்லை. ரிம்மாவிடம் மூச்சு விடவில்லை. அடுத்த வெள்ளி போய்ப் பார்த்தபோது சில்லு சுத்தமாக இருந்தது. மாற்றிவிட்டு வந்தாள்.

அதற்கு அடுத்த வெள்ளி அவள் தராஸ் என்ற ஊரில் இருந்தாள். அக்கா மகள் கல்யாணம். இரண்டு நாளில் திரும்பலாம் என்று போனவளைச் சம்பந்தி வீட்டார் விடவில்லை. ஒரு வீட்டில் குதிரைக்கறி, இன்னொரு வீட்டில் ஆட்டுத்தலை, மூன்றாவது வீட்டில் அழுகையும் பாட்டும் என்று பத்து நாள் இழுத்துவிட்டார்கள். எண்ணுள்ள பொறிகளை எல்லாம் அவளுக்காக ரிம்மா பார்த்துக்கொண்டாள். எண் இல்லாததைப் பார்த்துக்கொள் என்று யாரிடம் சொல்வது? அல்மாட்டியில் இரண்டு நாள் நல்ல மழை என்று தௌலெத் தொலைபேசியில் சொன்னபோது, ஆட்டுத்தலையின் காதைச் சுவைத்துக்கொண்டிருந்த குல்ஸியாவுக்கு அது தொண்டையில் சிக்கியது.

திரும்பி வந்தது புதன்கிழமை. நிலையத்துக்குள் நுழைந்ததும் ரிம்மா கையை நீட்டிக்கொண்டு எதிரே வந்தாள். முந்தின நாள் கென்ரிக் தோட்டத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, வேலை நேரம்கூட இல்லை, கிண்ணத்தைப் பிடித்திருந்த கையில் வரிக்கால் வந்து உட்கார்ந்திருக்கிறது. கிண்ணத்தைக் கவிழ்த்து அமுக்கிவிட்டாள். தோட்டக் குடில்களில் முதல் வரிக்கால். எல்லோரும் கைதட்டினார்கள். குல்ஸியாவும் தட்டினாள். தராஸிலிருந்து கொண்டுவந்த பலகாரப் பொட்டலத்தை ரிம்மாவின் கையில் திணித்தாள். கழிவறைக்குப் போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

மறுநாள் காலை மரால் தலைமையில் ஆறு பேர் கென்ரிக்கின் தோட்டத்தில் இறங்கினார்கள். கென்ரிக் எழுபத்துநான்கு வயது ஜெர்மானியர், டிராம் வண்டி ஓட்டி ஓய்வுபெற்றவர். டிராமும் அவரோடு ஓய்வுபெற்றுவிட்டது. பின்வேலி ஓரமாக மூன்று பீப்பாய்கள். வரிக்கால் கிடைத்த இடத்தில் அது வளர்ந்த இடம் தெரியாவிட்டால் தேங்கும் தண்ணீர் அனைத்தையும் கொட்டி, பீப்பாய்களைக் கவிழ்த்து, குளிர் வரும்வரை முத்திரை வைப்பது வழக்கம். நடுக்கோடை வெயிலில் முத்திரை வைத்தால் கென்ரிக்கின் அறுபது தக்காளிச் செடிகளும் போய்விடும். ஆனால் அந்த மூன்று பீப்பாய்களின் வாயிலும் பழைய திரைச்சீலை வலை இறுக்கிக் கட்டியிருந்தது. வரிசை முழுவதிலும் குல்ஸியா சொன்னதைக் கேட்டு வலை கட்டிய ஒரே ஆள் அவர்தான்.

அவர் யாரோடும் சண்டை போடவில்லை. குல்ஸியாவை மட்டும் பார்த்தார்.

"நீங்க சொன்னீங்கன்னுதான் கட்டினேன். வாரத்துக்கு ஒருமுறை அவுத்து, துடைச்சு, மறுபடியும் கட்டறேன். இதுக்கு மேல நான் என்னம்மா செய்யணும்?"

குல்ஸியா ராஸ்பெரிப் புதரை நோக்கி நடந்தாள். யாரும் கவனிக்கவில்லை. முட்களை விலக்கி டப்பாவை எட்டிப் பார்த்தாள். மழையில் விளிம்புவரை நிரம்பி, சில்லு முழுகிக் கிடந்தது. தண்ணீருக்குள் புழுக்கள் துள்ளின. மேலே வெற்றுத் தோல்கள் மிதந்தன, கொசுவாகிப் பறந்துபோனவற்றின் தோல்கள். பழக்க தோஷம், எண்ணினாள். பதினொன்று.

அவள் நெஞ்சில் அப்போது ஓடியதை அவளே பின்னால் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறாள். முதலில் வந்தது பயம் அல்ல, வெட்கமும் அல்ல. சந்தோஷம். மலைக்கு ஏறிவந்த முதல் வரிக்கால் தேடி வந்தது தன் பொறியைத்தான், ரிம்மாவின் கையை அல்ல, அதற்கும் பத்து நாள் முன்னால். அடுத்த நொடி வந்தது ஆத்திரம். தன் டப்பாவில், தான் ஊற்றிய தண்ணீரில் பிறந்து வளர்ந்தது, சிறகு முளைத்ததும் நேரே போய் உட்கார்ந்தது ரிம்மாவின் கையில். வெட்கம் மூன்றாவதாகத்தான் வந்தது, ஆனால் வந்தது போகவில்லை. டப்பாவை அங்கேயே காய்ந்த மண்ணில் கவிழ்த்துவிட்டால் ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். தண்ணீர் நிற்கும் எதையும் கவிழ்ப்பது அவள் இருபத்தாறு வருடப் பழக்கம். கை தானாகவே சாய்ந்தது. பின்னால் முதல் பீப்பாய் கவிழும் சத்தம் கேட்டது.

புதருக்குள்ளிருந்து வெளியே வந்தபோது இரண்டு கைகளாலும் டப்பாவைப் பிடித்திருந்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. மராலின் காலடியில் வைத்தாள்.

"அவர் பீப்பாயை விட்டுருங்க. வளர்ந்தது இதுல. இது என்னோடது."

ரிம்மா குனிந்து டப்பாவைச் சுற்றிப் பார்த்தாள். எண் இல்லை என்பதைப் பார்த்தாள். அவள் சிரிக்காமல் இருந்து குல்ஸியா பார்த்தது அதுவே முதல் தடவை.

"என் வரிசையில, எனக்குத் தெரியாம வச்சியா?"

"ஆமா."

"நான் பத்து நாள் உன் பொறி எல்லாம் முதுகு ஒடிய ஏறி இறங்கிப் பார்த்தேன். இதையும் சொல்லியிருந்தா பார்த்திருப்பேனேடி."

குல்ஸியா குனிந்து, டப்பாவில் எண் இருக்க வேண்டிய இடத்தை விரலால் துடைத்தாள்.

கென்ரிக்கின் முதல் பீப்பாய் போனது போனதுதான். மற்ற இரண்டும் தப்பின. குல்ஸியா எழுத்தில் விளக்கம் கொடுத்தாள். இந்தப் பருவம் முடியும்வரை பொறிகள் எதையும் அவள் தொடக்கூடாது என்று மரால் உத்தரவு போட்டாள். ஆனால் பறந்துபோனவற்றைப் பிடித்தாக வேண்டும், அதற்குக் குல்ஸியாவைப் போல் மூச்சை அளந்து இழுப்பவர் நிலையத்தில் இல்லை. ஆகவே அடுத்த மூன்று மாலைகளும் கென்ரிக்கின் ஆப்பிள் மரத்தடியில் ஒரு காட்சி நடந்தது. ரிம்மா பாவாடையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் புல்லில் மண்டியிட்டு, குழலை வாயில் வைத்துக்கொண்டு குல்ஸியா. ரிம்மாவின் காலில் வந்து உட்காரும் வரிக்காலைக் குல்ஸியா உறிஞ்சி எடுப்பாள். முதல் மாலை இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டாம் மாலை, "வலது முட்டிக்குப் பின்னாடி, சீக்கிரம்" என்று மட்டும் ரிம்மா சொன்னாள். மூன்றாம் மாலை, குல்ஸியாவும் தன் இடது காலைச் சுருட்டிவிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு ரிம்மா குலுங்கிச் சிரித்ததில், வந்த கொசு ஓடிப்போனது. ஐந்து கிடைத்தன. மீதி ஆணாக இருக்கலாம், குருவி தின்றிருக்கலாம். ஐந்தும் ரிம்மாவின் காலில் பிடித்தவை; யார் உடம்பில் உட்கார்ந்ததோ அவர் பெயர்தான் சீட்டில் ஏறும். ஐந்தும் குல்ஸியாவின் காலைத் தாண்டிப் பறந்தவை.

திங்கட்கிழமை சீட்டு எழுதும் வேலை. மரால் பெட்டியைத் திறந்து வைத்தாள். கிண்ணத்தின் அடியில் பிடிபட்ட முதல் வரிக்கால், ஊசி முனையில் கால் வளையங்கள் பளிச்சென்று தெரிய நின்றது. குல்ஸியா உருப்பெருக்கியை இழுத்து வைத்துக்கொண்டு முதல் சீட்டை எழுதினாள். கீழ்வரிசை, கென்ரிக் தோட்டம். தேதி. பிடித்தவர்: ரிம்மா. எட்டாவது முறை. எழுத்து எப்போதும் போல எறும்புத் தலை அளவு, ஒரு கோடு பிசகவில்லை. வயிறும் எப்போதும் போல எரிந்தது.

இந்தக் கொசுவுக்கு இரண்டாவது சீட்டும் உண்டு. வளர்ந்த இடம் தெரியும். மரால் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு, பெயர் எழுத வேண்டிய அவசியம் இல்லை என்றாள்.

"எண் இல்லாத பொறின்னு மட்டும் போடு, போதும். அங்க யாரும் கேட்க மாட்டாங்க. எதுக்கு என்னென்னைக்கும் இருக்கற பெட்டியில உன் தப்பு?"

குல்ஸியா தலையை ஆட்டினாள். மரால் போகும்வரை காத்திருந்தாள். பிறகு உருப்பெருக்கியை ஒதுக்கி வைத்தாள். மெல்லிய பேனாவை மூடிவிட்டு மேசையிலிருந்த சாதாரணப் பேனாவை எடுத்தாள். சீட்டின் குறுக்கே, கண்ணாடி மூடிக்கு வெளியே நிற்பவருக்கும் தெரியும் அளவுக்கு, 'குல்ஸியாவின் பொறி' என்று எழுதி, மை காய ஊதினாள்.